சுவரில் இருந்த கசியனின் முகம்

கசியன் ராஃபைனரை எங்கள் மலையூர் வால்டென்தாலில் எல்லோரும் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தத் துறவுச் சபையிலும் சேர்ந்தவர் அல்ல. மனைவியை இழந்து, மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக வாழும் தச்சர். கோயில் சாவி அவரிடம் இருந்ததால் கோயில்பிள்ளையும் அவர்தான். அந்தப் பட்டப்பெயர் கோயிலின் வடக்குச் சுவரிலிருந்து வந்தது. அங்கே ரொட்டிக் கூடையைச் சுமந்து நிற்கும் ஒரு பிரதரின் ஓவியம் இருக்கிறது. அந்தப் பிரதரின் முகம் கசியனுடைய முகம்.

கோயில் முன்பு கர்த்தூசியத் துறவிகளுடையது. பேச்சைத் துறந்த சபை. ஊர்மக்களுக்காகக் கட்டப்பட்டதல்ல என்பது உள்ளே கால் வைத்ததுமே தெரிந்துவிடும். ஒடுங்கிய நீளக் கூடம், அதன் நடுவே ஒரு குறுக்குச் சுவர். அந்தப் பக்கம் வெள்ளை அங்கி அணிந்த குருக்கள் நின்றார்கள். இந்தப் பக்கம் உழுது, சமைத்து, ரொட்டி சுட்ட பிரதர்மார் நின்றார்கள். ஜெபிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத மடங்கள் நாட்டுக்கு வேண்டாம் என்று ஆஸ்திரியப் பேரரசர் யோசேப்பு ஆணையிட்டபோது, எடுத்துப்போக முடிந்ததையெல்லாம் எடுத்துப்போனார்கள். செதுக்கிய இருக்கைகள் ஒரு நகரத்துக்குப் போயின. பீடம் மலைக்கு அப்பால் இன்னொரு ஊருக்குப் போனது. சுவரைத் தூக்க முடியவில்லை. அதனால் ஓவியம் தங்கியது.

வரைந்தவர் யாரென்று தெரியாது. நல்ல கை. வரிசையாகத் துறவிகளின் அறைகள். ஒவ்வொரு அறைக் கதவுக்கும் பக்கத்தில் சுவருக்குள் ஒரு மாடம். அந்த மாடங்களிலிருந்து நீண்டு வரும் கைகள் மட்டும். குருக்களின் முகம் ஒன்றுகூட இல்லை. கிழட்டுக் கை, இளங்கை, நடுங்குவதுபோல விரல் மடங்கிய கை. அத்தனை கைகளுக்கும் எதிரில் கூடையோடு நிற்கும் ஒரே ஆள் அந்தப் பிரதர்.

அறைகள் விவசாயக் குடும்பங்களுக்குப் போயின. நாங்கள் இன்னும் அவற்றில்தான் வசிக்கிறோம். கதவோரத்து மாடங்களும் அப்படியே இருக்கின்றன. சுவருக்குள்ளேயே வளைந்து போவதால் வைப்பவர் முகம் எடுப்பவருக்குத் தெரியாது. கோணல்மாடம் என்போம். சாவு வீட்டுக்கு ரொட்டி, பிள்ளை பெற்றவளுக்கு வெண்ணெய், சண்டைக்குப் பிறகு ஒரு துண்டு பன்றி இறைச்சி எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். எடுப்பவர் மாடத்துக்குள் வாய் வைத்து வாழ்த்துச் சொல்வார். யார் வைத்தது என்று கேட்க மாட்டார். மாடத்தில் வந்ததற்குக் கேள்வி கிடையாது என்பது ஊரின் சட்டம்.

போரெல்லாம் முடிந்து பல வருடம் கழித்து, கூரை ஒழுகியதில் சுவர்ப் பிரதரின் முகம் உதிர்ந்துபோனது. அதைச் சரிசெய்ய இன்ஸ்ப்ருக்கிலிருந்து ஒரு ஓவியர் வந்தார். சாரம் கட்டிக்கொடுத்த தச்சரையே உட்காரவைத்து அவர் முகத்தை வரைந்துவிட்டுப் போனார். நீண்ட மூக்கு, இறங்கிய இமை, எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோலச் சற்றே சாய்ந்த தலை. இளமையில் கசியன் அழகர்தான்.

அந்த முகத்துக்குத்தான் இந்த வசந்தத்தில் சிக்கல் வந்தது.

வெரோனாவிலிருந்து சுவரோவியங்களைப் பழுதுபார்க்கும் லவீனியா வந்திருந்தார். அவருக்கு எங்கள் ஜெர்மன் பேச்சு புரியாது; ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்குக் கைமாறிய ஊர் என்பதால் ஊர்க்காரர்களுக்கு இத்தாலியம் பேசப் பிடிக்காது. இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். லவீனியா சாரத்தில் ஏறி, விரல் முட்டியால் சுவரை அங்கங்கே தட்டிக் காது வைத்துக் கேட்டார். பிறகு கசியனைக் கூப்பிட்டார்.

முகத்தைப் பசை கலந்த வண்ணத்தால் தீட்டியிருக்கிறார்கள், அது காய்ந்து தோல்போலச் சுருங்குகிறது, சுருங்கும்போது கீழே உள்ள பழைய சுண்ணாம்பையும் பிய்த்து இழுக்கிறது என்றார். கூடையின் விளிம்பு ஏற்கெனவே சுவரை விட்டுப் பெயர்ந்துவிட்டது. அடுத்தது கைகள் போகும். முகத்தை எடுத்துவிடுவது நல்லது. ஊர் மிகவும் விரும்பினால் ஊசி வழியாகப் பாலிலிருந்து செய்த பசையை ஏற்றிச் சில காலம் ஒட்டவைக்கலாம், ஆனால் பழையது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

நான் சொல்லி முடித்தேன். கசியன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடியில பழைய முகம் ஏதாச்சும் இருக்கான்னு கேளு புள்ள.”

கேட்டேன். “இல்லையாம் மாமா. வெறும் சுண்ணாம்புதானாம்.”

“எடுத்துட்டா ஒண்ணும் தெரியாதா?”

“தெரியாதாம்.”

“நல்லது” என்றார். ஆனால் இறங்கும்போது ஏணியின் கடைசிப் படியைத் தவறவிட்டார். அவர் கட்டிய ஏணி அது.

செய்தி மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவியது. மதுக்கடை லூயிஸ், பங்குச் சாமியார் அல்பின், இன்னும் சிலர் கடையின் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கசியன் ஓரத்தில் இருந்தார். லவீனியா என்ன சொன்னார் என்று மறுபடி சொல்ல என்னையும் உட்காரவைத்தார்கள்.

“வெரோனாவுலேர்ந்து வந்து நம்ம பிரதர் மூஞ்சியச் சொரண்டுவாங்களாமா?” என்றார் லூயிஸ். “அவரு சம்சாரம் இருந்த வரைக்கும் அதுகூட அவரச் சொரண்டுனது கெடையாது!”

மேசை குலுங்கச் சிரித்தார்கள்.

“சாமி, நீங்களே சொல்லுங்க. ஜெர்மனியிலேர்ந்து பஸ்ஸுல வர்றவங்க எதப் பாக்க வர்றாங்க? கையப் பாக்கவா?”

“கையும் நல்லாத்தான் இருக்கு லூயிஸ்” என்றார் சாமியார்.

“தலையில்லாத ஆளு கூடையோட நின்னா பிள்ளைங்க பயந்துக்காதா?”

“எடுத்துடட்டுமே” என்றார் கசியன்.

“பாத்தீங்களா சாமி, பணிவ! இதுக்குத்தான் அந்தப் படக்காரரு ஊரெல்லாம் விட்டுட்டு இவரப் புடிச்சாரு. நம்ம மூஞ்சிய எவன் வரைவான்? வரைஞ்சா பால்தான் திரிஞ்சுபோகும்.”

“பணிவெல்லாம் இல்லப்பா.”

“நீங்க பேசாதீங்க பிரதர். இது உங்க மூஞ்சி இல்ல இப்ப, ஊரு மூஞ்சி.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலிலேயே எல்லோரையும் கேட்டு முடிவெடுப்பது என்று சாமியார் சொன்னார். முடிவு என்னவென்று கேட்கத் தேவையே இல்லை. லூயிஸ் கசியனின் கோப்பையை நிரப்பினார். கசியன் அதைத் தொடாமலே எழுந்து போனார்.

நான் அப்போது ஒட்டிலி தப்பைனர் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கோயிலில் அவர் வீட்டுக்கு உரிய இருக்கை வடக்குச் சுவர் ஓரம், அந்த ஓவியத்துக்கு நேர் கீழே. மறுநாள் மதியம் அடுக்களையில் அவர் ரொட்டி உருண்டைக்கு மாவு பிசைய, நான் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தேன். கசியன் வந்து வாசலில் நின்றார். தொப்பி கையில் இருந்தது.

“உள்ள வா. வாசல்ல நின்னா குளிருதான் உள்ள வருது” என்றார் ஒட்டிலி.

கசியன் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

“அவ இருக்கட்டும். எதுவா இருந்தாலும் ரெண்டு பேரு காதுல விழுந்தா நல்லதுதான்” என்றார் ஒட்டிலி.

கசியன் உட்காரவில்லை. “அந்தக் கையெழுத்து வருஷம் ஒட்டிலி” என்று தொடங்கினார்.

அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வருடம், போர் தொடங்கிய வருடம். இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, ஜெர்மனிக்குப் போகிறாயா, இல்லை இத்தாலியிலேயே இருக்கிறாயா என்று வீடுவீடாகக் கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் போகிறோம் என்று கையெழுத்திட்டார்கள்; கசியன் வீட்டார் உட்படப் பலர் பிறகு போகவே இல்லை. தங்கிவிடுகிறோம் என்றவர்களைத் துரோகி என்றார்கள். வால்டென்தாலில் தங்கியவர்களில் செருப்புத் தைக்கும் தப்பைனரும் ஒருவர். ஒட்டிலியின் அப்பா.

“கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம்” என்றார் கசியன். “எல்லாரும் விடியக்காலப் பூசையில இருந்தாங்க. உங்க தம்பிப் பாப்பா அப்பத்தான் இறந்துபோயிருந்துச்சு. உங்கம்மா பூசைக்கு வரலன்னு எனக்குத் தெரியும். உங்க மாடத்துல நான்தான் வச்சேன். எங்க பன்னிக் கொட்டகையிலேர்ந்து அள்ளி, துணியில சுத்தி. சாவு வீட்டுக்கு ரொட்டி சுத்திக் குடுப்போமே, அந்த மாதிரியே சுத்தி.”

ஒட்டிலி ஒரு உருண்டையைப் பிடித்துப் பலகையில் வைத்தார். அடுத்ததற்கு மாவை எடுத்தார்.

“வச்சுட்டுப் போயிருக்கலாம். போகல. சுவத்துல காத வச்சுக்கிட்டு நின்னேன். உங்கம்மா வந்தாங்க. மாடத்துக்குள்ள வாய வச்சு, ‘கடவுள் உங்க வீட்ட நெறைக்கட்டும், இன்னும் சூடு ஆறல’ன்னு சொன்னாங்க. அப்புறந்தான் கைய விட்டாங்க.” அவர் கை தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. “யாருக்கும் தெரியாது. இன்னிக்கு வரைக்கும்.”

“எனக்குத் தெரியும்” என்றார் ஒட்டிலி.

கசியனின் கை தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தியது.

“மாடி ஜன்னல்ல நின்னேன். நீ கொண்டுவந்து வச்சதப் பாத்தேன். நானும் ரொட்டின்னுதான் நெனச்சேன். எறங்கி ஓடி, ‘அம்மா, மாடத்துல என்னமோ வந்திருக்கு, ராஃபைனர் வீட்டு அண்ணன் வச்சாரு’ன்னு சொன்னதே நான்தான். யாரு வச்சதுன்னு சொல்லக்கூடாதுன்னு தெரியும். சொல்லிட்டேன். சந்தோசம். நம்ம வீட்டுக்கும் ஒருத்தர் வச்சாங்களேன்னு.”

“அப்ப அவங்களுக்கும்...”

“அம்மாவுக்கும் தெரியும். சாகுற வரைக்கும் தெரியும். மாடத்துல வந்ததுக்குக் கேள்வி கெடையாது, வாயத் தொறக்காதன்னு எங்கிட்ட சொன்னா. கையக் கழுவினா. கழுவினா, கழுவிக்கிட்டே இருந்தா. அதுக்கப்புறம் மாடத்த சுண்ணாம்பு வச்சு அடைச்சா. அப்பா கேட்டதுக்குக் குளிரு வருதுன்னா.”

கசியன் மாவுப் பலகை அருகே வந்தார். “அவங்க என்னைப் பாக்குறப்பல்லாம் வணக்கம் சொல்வாங்களே. எம் பொண்ணு ஞானஸ்நானத்துக்குக் குல்லா பின்னிக் குடுத்தாங்களே.”

“குடுத்தா.”

அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. ஒட்டிலி போய் மூடியை நகர்த்திவிட்டு வந்தார்.

“அந்தப் படக்காரரு எங்க தங்கியிருந்தாரு, ஞாபகம் இருக்கா? இந்த வீட்டு மாடியில. இவ படுக்குற அறையில. யார் முகத்த வரையலாம்னு சாப்புடுறப்பக் கேட்டாரு. உம்பேரச் சொன்னது நான்தான்.”

“நீயா?”

“பூசைக்கு வர்றப்பல்லாம் நீ அதப் பாக்கணும்னு. ரொட்டிய ஏந்திக்கிட்டு நிக்கிற உன்னை நீயே பாக்கணும். ஒரு வருசம், ரெண்டு வருசம், பொறுக்க மாட்டாம வாயத் தொறப்பன்னு நெனச்சேன். நீ என்னடான்னா கோயில் சாவியையே வாங்கி இடுப்புல சொருகிக்கிட்ட!”

“பாக்காத நாளு இல்ல ஒட்டிலி. முதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். சாமி காரணம் கேட்டாரு. சொல்ல முடியல. அதான் போய் ஒக்காந்தேன்.”

“நல்லாத்தான் ஒக்காந்திருக்க.”

கசியன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கினார். பிறகு, “என்னை மன்னிச்சிடு” என்றார்.

ஒட்டிலி கையிலிருந்த மாவைத் துடைத்தார். “மன்னிப்பு அம்மாகிட்ட இருந்துச்சு. போறப்ப அவ எடுத்துக்கிட்டுப் போயிட்டா. எங்கிட்ட இல்ல கசியன். தேடிப் பாத்தேன், இல்ல.”

“ஞாயித்துக்கெழம என்ன செய்யட்டும்?”

“அது உன் பாடு. பேசாம இருந்தா ஊரு உன்னைச் சுவத்துலயே வச்சுக்கும். இல்லாட்டி அந்தம்மா சொரண்டிடுவாங்க, கேக்க யாரும் இருக்க மாட்டாங்க. ரெண்டு வழியும் உனக்கு நல்ல வழிதான்.”

அவர் போன பிறகு ஒட்டிலி உருண்டைகளைக் கொதிக்கும் தண்ணீரில் ஒவ்வொன்றாக இறக்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வெங்காயத்தாளை நறுக்கினேன். தேவைக்கு மேலேயே நறுக்கிவிட்டேன். “அம்மா கைய நான் ஏன் முந்திக்கிட்டு மாடத்துக்கு அனுப்புனேன்” என்றார் அவர். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. பூசை முடிந்ததும் சாமியார் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் லூயிஸ் எழுந்துவிட்டார்.

“இதுல பேச என்ன சாமி இருக்கு? பிரதர் இருக்கட்டும்! வேண்டாங்கறவங்க கையத் தூக்கட்டும், பாப்போம்!”

சிரிப்பு. யாரும் கை தூக்கவில்லை. லவீனியா என்னைப் பார்த்தார்; முகம் வேண்டும் என்கிறார்கள் என்று சொன்னேன்.

அப்போது பின்வாசல் பக்கமிருந்து கசியன் முன்னால் நடந்து வந்தார். குறுக்குச் சுவர்க் கதவு வரை வந்து நின்று திரும்பினார். பேசிப் பழகாதவர். ஒட்டிலியின் அடுக்களையில் சொன்னதையே சொன்னார். அங்கே சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் குழந்தையின் சவப்பெட்டிக்கு முந்தின நாள்தான் அவரும் அவர் அப்பாவும் பலகை இழைத்துக் கொடுத்தார்களாம். பெட்டியின் அளவு கைக்குத் தெரிந்திருக்க, அதே கையால் மறுநாள் அதைச் செய்தாராம்.

யாரோ இருமினார்கள்.

“ஏன்யா இப்பப் போயி இத...” என்றார் லூயிஸ். அவருக்குக் காது சிவந்திருந்தது. “எத்தனை காலமாச்சு. அந்த வருசம் எல்லாருக்குமே புத்தி கெட்டுத்தான் கெடந்துச்சு.”

“எல்லாருக்கும் இல்ல லூயிஸ்” என்றார் ஒட்டிலி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

முன்வரிசைக் கிழவர்கள் இரண்டு பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து வெளியே போனார். அவர் ஏன் போனார் என்று யாரும் கேட்கவில்லை.

“இத முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்றார் கசியன். “எடுத்துட்டாங்கன்னா நான் தப்பிச்சிடுவேன். வச்சாலும் தப்பிச்சிடுவேன். அதான் சொன்னேன். இனிமே நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி.”

லவீனியா என் தோளைத் தொட்டு, என்ன நடக்கிறது, இவர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று கேட்டார். நான் வரிசை வரிசையாகப் பார்த்தேன். சற்றுமுன் சத்தம் போட்டவர்கள் தொப்பியை, ஜெபப் புத்தகத்தை, பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று மொழிபெயர்த்தேன்.

ஒட்டிலி எழுந்தார். தங்கியவர்களின் பிள்ளை, இத்தாலியம் சுத்தமாக வரும். லவீனியாவிடம் அவரே நேராகச் சொன்னார். எடுங்கள், கைகளைக் காப்பாற்றுங்கள். வேறெதுவும் சொல்லவில்லை. கசியனைத் தாண்டி வெளியே போனார். அவரைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்க முயன்றதாகவும் தெரியவில்லை.

அந்த வாரம் லவீனியா ஈரத் தாளை ஒட்டி ஒட்டி வண்ணத்தை இளக்கி எடுத்தார். கசியன் சாரத்தில் அவருக்கு விளக்குப் பிடித்தார். வேறு யாராவது பிடிக்கட்டும் என்று நான் சொன்னதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டார். முதலில் இமைகள் போயின, பிறகு மூக்கு. கடைசியில் காது வெகுநேரம் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்த இடத்தில் மங்கிய சுண்ணாம்பு மட்டும் இருந்தது. லவீனியா அதற்கு நிறம் பூசவில்லை. தெரியாததை வரையக்கூடாது என்றார்.

வேலை முடிந்து லவீனியா போய்விட்டார். கசியன் சாவியைச் சாமியாரிடம் திருப்பிக் கொடுத்தார். சாமியார் வாங்கவில்லை. “யாரு வந்து திறப்பாங்க கசியன்? நீங்களே திறங்க” என்றார். ஊரில் அவரோடு முன்புபோல யாரும் பேசுவதில்லை என்று சொன்னால் சரியாகாது. பேசுகிறார்கள். மழையைப் பற்றி, ஆட்டுவிலையைப் பற்றிப் பேசுகிறார்கள். லூயிஸ் காசு வாங்காமல் ஊற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டார். ஒட்டிலியும் கசியனும் எதிரெதிரே வந்தால் வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். எப்போதும் ஒட்டிலிதான் முதலில் சொல்கிறார். கசியன் ஒவ்வொரு முறையும் அடி வாங்கியவர்போலத் தலை குனிகிறார்.

கோடையில் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அவர் கோயிலைக் காட்டுகிறார். குறுக்குச் சுவர், குருக்கள் பக்கம், பிரதர்மார் பக்கம், போன இருக்கைகள், போன பீடம். வடக்குச் சுவருக்கு வந்ததும், இங்கே ஒரு முகம் இருந்தது, என்னுடையது என்பார். ஏன் எடுத்தார்கள் என்று யாராவது கேட்பார்கள். கேட்காத கூட்டத்துக்கும் சொல்லிவிடுவார். இத்தாலியர்கள் வந்தால் என்னைக் கூப்பிடுவார்.

சென்ற வாரம் மிலானோவிலிருந்து ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்தது. சின்னப் பெண்கள். கசியன் ஒரு வாக்கியம் சொல்ல, நான் ஒரு வாக்கியம் சொன்னேன். மாடத்தில் அவர் வைத்தது என்ன என்ற இடம் வந்தபோது, அந்த வீட்டு மாடத்தில் அசுத்தத்தை வைத்தார் என்றேன். அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தேன். கசியன் தொடரவில்லை. அவருக்கு இத்தாலியம் பேச வராதே தவிர, கேட்டால் புரியும்.

“மழுப்பாத புள்ள” என்றார். “பன்னிப் பீ. அப்படியே சொல்லு.”

பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே சொன்னேன்.